மிஸஸ் பீற்றரின் ஜக்

தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் பங்குக் கோயிலுக்குப் போய்வரும் தமிழர்களில் அருமைநாயகி அக்காவைத் தெரியாதவர் இல்லை. ஆனால் இரண்டு பஸ் தரிப்பு தள்ளியிருக்கும் போல்ஸ் கிளப்பில் போய் அருமைநாயகி என்று கேட்டால் எல்லோரும் முழிப்பார்கள். அங்கே அவருக்கு மிஸஸ் பீற்றர் என்று பெயர். கோடை பிறந்து வெயில் கொஞ்சம் ஏறிவிட்டால், "மிஸஸ் பீற்றர் இன்றைக்கு நிற்கிறாரா?" என்று கேட்டுக்கொண்டேதான் அங்குள்ள வெள்ளைக்காரர்கள் கதவைத் திறப்பார்கள்.

அக்கா பேசாலையில் பிறந்தவர். மன்னாரில் தையல் ரீச்சராக இருந்தார். கணவர் பீற்றர் அண்ணை எண்பத்துநாலாம் ஆண்டுக் கடைசியில் லண்டனுக்கு வந்துசேர்ந்து, பாண் சுடுகிற பேக்கரித் தொழிற்சாலை ஒன்றில் வேலை எடுத்தார். அக்கா எண்பத்தாறில் வந்தார். முதலில் வீட்டிலிருந்து துணி தைத்துப் பார்த்தார். யாருடைய அளவும் ஊரிலுள்ள அளவாக இல்லை என்பதும், மாசி மாதத்தில் விரல் விறைத்து ஊசி பிடிக்க முடியாது என்பதும்தான் கண்ட மிச்சம். அடுத்த வருடம், கோயிலில் பக்கத்து வாங்கில் இருக்கும் ஐரிஷ் அம்மா ஒருவர் சொல்லி, போல்ஸ் கிளப்பில் துப்புரவு வேலை கிடைத்தது. சனிக்கிழமைகளில் சாண்ட்விச் செய்கிற வேலையும் அதோடு சேர்ந்தது.

போல்ஸ் என்றால், கம்பளம் போல வெட்டிய புல்தரையில் வெள்ளை உடுப்புப் போட்ட வயதானவர்கள் கறுப்புப் பந்துகளை உருட்டி விளையாடுவது. தூரத்தில் ஒரு சின்ன வெள்ளைப் பந்து கிடக்கும். அதற்கு யாருடைய பந்து கிட்டப் போய் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. ஓட்டமும் இல்லை, சத்தமும் இல்லை. முதல் நாள் பார்த்தபோது செத்த வீட்டில் விளையாடுகிறார்கள் போலிருந்தது என்று அக்கா ஒருதடவை எனக்குச் சொன்னார்.

அந்தக் கிளப்பின் பாரை நடத்தியவர் டொரீன். அறுபதைத் தாண்டியவர். எல்லோரையும் டார்லிங் என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் அதே சொல்லைக் கொஞ்சம் நீட்டிக் கூப்பிடுவார். எண்பத்தெட்டாம் ஆண்டு ஜூன் மாதம், ஈரப் புல்லில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அந்தச் சனிக்கிழமை வால்தம்ஸ்டோவிலிருந்து ஓர் அணி விளையாட வருகிறது. வருகிறவர்களுக்குப் பன்னிரண்டு ஜக் பிம்ஸ் கலந்து வைக்கவேண்டும். டொரீன் கையில் மாவுக்கட்டோடு பாருக்குப் பின்னால் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, குசினிப் பக்கம் பார்த்து அக்காவைக் கூப்பிட்டார்.

"டார்லிங், இன்றைக்கு உன் கைதான் என் கை."

பிம்ஸ் என்பது ஜின்னில் மூலிகையும் பழத்தோலும் ஊறவைத்தது போன்ற ஒரு மது. போத்தலில் பார்க்கத் தேயிலைச் சாயம் மாதிரி இருக்கும். அதைத் தனியே யாரும் குடிப்பதில்லை. கோடையில் பெரிய ஜக்கில் ஐஸும் பழமும் புதினாவும் போட்டு, அதன்மேல் இதை ஊற்றி, லெமனேட்டால் நிரப்பி, கூட்டமாக இருந்து குடிப்பார்கள். அக்கா வாழ்க்கையில் அன்றுவரை மதுவைத் தொட்டதில்லை. தொடக் கூடாது என்ற சபதமெல்லாம் கிடையாது. அந்த மணம் பிடிக்காது, அவ்வளவுதான்.

வெள்ளரிக்காய் வெட்டிப் போடு, புதினா போடு, தோடம்பழம் போடு, ஸ்ட்ரோபெரி போடு என்று டொரீன் வரிசையாகச் சொல்லிவிட்டு, வந்தவர்களோடு பேசத் திரும்பிவிட்டார். அக்கா தனக்குத் தெரிந்தபடி செய்தார். வெள்ளரிக்காயைத் தோல் சீவி, விதை எடுத்து, நகத்தளவு துண்டுகளாக வெட்டி, கைப்பு இருந்தால் போகட்டும் என்று உப்புத் தண்ணீரில் அலசினார். புதினாவைச் சம்பலுக்கு அரிவதுபோலப் பொடியாக அரிந்தார். எல்லாவற்றையும் ஜக்கில் போட்டு, சீனி கரைக்கிற மாதிரி நீளக் கரண்டியால் நன்றாகச் சுழற்றிச் சுழற்றிக் கலக்கினார். லெமனேட்டின் நுரையெல்லாம் அடங்கி, ஜக் சொதிச் சட்டி போல ஆகிவிட்டது.

வால்தம்ஸ்டோ அணியின் தலைவர் முதல் கிளாசைக் குடித்துவிட்டுச் சிரித்தபோது அவருடைய முன்பல் நான்கிலும் பச்சை ஒட்டியிருந்தது.

"மிக நன்றாயிருக்கிறது," என்றார் அந்த மனிதர். "ஆனால் கொஞ்சம் உப்பு."

டொரீன் ஜக்குக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். மாவுக்கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கண்ணீர் வரும்வரை சிரித்தார். அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "வேலை போச்சுதெண்டுதான் நினைச்சனான்" என்று பிற்பாடு சொல்லுவார். ஆனால் டொரீன் மிச்சப் பதினொரு ஜக்கையும் அவரைக் கொண்டேதான் செய்வித்தார். இந்தத் தடவை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார்.

ஜக்கின் விளிம்புவரை முதலில் ஐஸ். வெள்ளரிக்காயைத் தோலோடு நீளமாகச் சீவவேண்டும். புதினாவில் கத்தியே படக்கூடாது. உள்ளங்கையில் வைத்து மற்றக் கையால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், மணம் எழும்பிவிடும். பிம்ஸ் ஒரு பங்கு, லெமனேட் மூன்று பங்கு. லெமனேட்டை ஜக்கைச் சரித்துப் பிடித்து ஓரமாக இறக்கவேண்டும். கடைசியில் கரண்டியை அடிவரை விட்டு ஒரேயொரு தரம் தூக்கிவிட வேண்டும். இரண்டாம் தரம் தூக்கினால் நுரை செத்துவிடும். கிளப்பின் பின்வேலியோரம் நீலப் பூப் பூக்கிற ஒரு சொரசொரப்பான செடி நின்றது. போரேஜ் என்று அதற்குப் பெயர். அந்தப் பூவில் நான்கைந்து பறித்து மேலே மிதக்கவிடுவது பழைய காலத்து முறை.

ருசி பார்க்காமல் அளவு பிடிப்பது எப்படி என்பதுதான் அக்காவுக்குப் பிரச்சினை. அதற்கு அவரே ஒரு வழி கண்டார். ஜக்கைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார். இளஞ்சாயத் தேத்தண்ணி நிறம் வந்தால் சரி. அதைவிடக் கறுத்தால் மது கூடிவிட்டது, வெளுத்தால் குறைந்துவிட்டது. அந்தக் கண் ஒரு நாளும் தவறியதில்லை. தையல்காரியின் கண். டொரீனுடைய கை ஓகஸ்டில் சுகமாகிவிட்டது. ஆனால் ஜக் கலக்கிற வேலையை அவர் திருப்பி எடுக்கவில்லை. ஒருநாள் ஆசைக்கு அவரே ஒன்று கலந்து வைத்தபோது, மூலையில் இருந்த கிழவர் ஒருவர், "இது மிஸஸ் பீற்றர் செய்ததில்லையே" என்றாராம். டொரீன் அந்தக் கிழவரோடு இரண்டு கிழமை பேசவில்லை.

இப்படி மூன்று கோடை நடந்தது. வீட்டில் பீற்றர் அண்ணைக்கு எல்லாம் தெரியும். தெரியாதவர், தெரியக் கூடாதவர், ஒரேயொருவர்தான். பீற்றர் அண்ணையின் தமையன் யாக்கோப்பு.

யாக்கோப்பு அண்ணை தபால் கந்தோரில் கடிதம் பிரிக்கிற வேலை செய்தார். வெள்ளிக்கிழமைகளில் தமிழ்க் குடும்பங்களின் செபமாலைக் கூட்டத்தை நடத்துபவரும் அவர்தான். சொன்ன சொல்லில் நிற்பார். மற்றவர்களும் நிற்கவேண்டும் என்று எதிர்பார்ப்பார். குடி என்றால் அவருக்கு ஆகாது. அதற்குக் காரணமும் இருந்தது. ஊரைவிட்டு வந்து தனியே அறை எடுத்திருந்த பொடியன்கள் பலர் குடியில் விழுவதைப் பார்த்திருந்தார். அவர்களில் இருவரைத் தன் தோளில் தாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அவர்தான். அதனால் அவரைக் கடுமையானவர் என்று யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கணவரின் தமையன் என்பதால் அக்கா அவரைப் பெரியத்தான் என்று கூப்பிடுவார். கிளப்பில் என்ன வேலை என்று பெரியத்தான் கேட்டபோதெல்லாம் "குசினி வேலை" என்றே சொல்லி வந்தார். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

தொண்ணூற்றோராம் ஆண்டு மே மாதம், எங்கள் பங்குத் தந்தை கீனன், கிளப்பில் யாரோ ஒருவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு விருந்தாளியாகப் போனார். பாரில் ஒரு கிளாஸ் பிம்ஸ் வாங்கிக் குடித்தார். இன்னொன்று கேட்கத் திரும்பினால், ஜக்குக்குப் பின்னால் தன் பங்கின் பெண்கள் சங்கச் செயலாளரான அக்கா நிற்கிறார். அக்காவுக்குக் கீழே குனிந்து எதையாவது தேடுவதுபோலப் பாவனை செய்யத் தோன்றியதாம். ஆனால் கையில் ஜக் இருந்தது.

"அருமைநாயகி," என்றார் பாதர் மெதுவாக, "இதை நீயா கலந்தாய்?"

"ஓம் பாதர்," என்று அக்கா தமிழிலேயே சொல்லிவிட்டார்.

பாதர் அந்த இரண்டாவது கிளாசையும் குடித்து முடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார். கோயில் மண்டபத்தின் கூரை ஒழுகுகிறது. ஜூலையில் கோடைச் சந்தை வைத்து அதற்கு நிதி சேர்க்கப் போகிறார்கள். வழக்கமாகப் பிம்ஸ் கூடாரம் போடுகிற அம்மா மகளோடு இருக்கப் போய்விட்டார். மது விற்பதென்றால் ஒரு நாள் அனுமதி எடுக்கவேண்டும். அதற்குப் பங்கில் பொறுப்பிலுள்ள ஒருவர் தன் பெயரில் விண்ணப்பித்து, நீதிமன்றத்துக்கும் நேரில் போய் நிற்கவேண்டும். "கலக்கத் தெரிந்தவரே விண்ணப்பிப்பதுதான் நல்லது," என்றார் பாதர்.

அக்கா ஒரு நாள் தவணை கேட்டார். அன்று மாலை பீற்றர் அண்ணையிடம் சொன்னபோது அவர் சோற்றைப் பிசைந்தபடியே, "செய்யும். நல்ல விஷயந்தானே," என்றார். பிறகு கையை நிறுத்தி, "அண்ணைக்கு ஆர் சொல்லுறது?" என்று கேட்டார்.

"நான்தான் சொல்லவேணும். வேறை ஆரும் சொல்லி அவர் கேக்கக் கூடாது."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து யாக்கோப்பு அண்ணை வீட்டுக்கு வந்தார். அக்கா தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்துவிட்டு, எதிர்க் கதிரையில் இருந்து, எண்பத்தெட்டாம் ஆண்டு டொரீன் விழுந்ததிலிருந்து எல்லாவற்றையும் ஒன்றும் மறைக்காமல் சொன்னார். நடுவில் அவர் எதுவும் கேட்கவில்லை.

"மூண்டு வருசமோ?" என்றார் கடைசியில்.

"ஓம் பெரியத்தான்."

"நீ குடிக்கிறனியோ?"

"இல்லை. ஒருக்காலும் இல்லை."

"அப்ப ருசி என்னெண்டு தெரியும்?"

"தெரியாது. நிறத்தைப் பாத்துத்தான் கலக்கிறனான்."

பீற்றர் அண்ணை அந்த இடத்தில் சிரித்துவிட்டார். யாக்கோப்பு அண்ணை சிரிக்கவில்லை. எழும்பி மேற்சட்டையைப் போட்டுக்கொண்டார். "மாதாவின்ரை கோயில் வளவுக்குள்ளை, என்ரை தம்பியின்ரை பெஞ்சாதியின்ரை பேரிலை குடி விக்கிறது எனக்குச் சரியாப் படேல்லை, நாயகி. கூரைக்குக் காசு தேவையெண்டால் வேறை வழி இருக்கு. நான் தடுக்க மாட்டன். எனக்கு விருப்பமில்லை எண்டதை மட்டும் சொல்லிப்போட்டுப் போறன்." தேத்தண்ணி அப்படியே இருந்தது.

அக்காவுக்கு அது மனத்தில் தைத்தது. இரண்டு நாள் யோசித்தார். ஆனால் அவர் விண்ணப்பத்தை நிரப்பிக் கையெழுத்து வைத்தார். "அவர் என்னை ஏசியிருந்தால் விட்டிருப்பன். ஏசாமல் போனவர். அதாலை நான் என்ரை புத்தியிலை யோசிச்சு முடிவெடுக்க வேண்டிப் போச்சு," என்றார் என்னிடம்.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை குறோய்டனில் நீதிமன்றத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. பீற்றர் அண்ணைக்கு ஷிப்ட் மாற்ற ஏலவில்லை. அக்கா நீலச் சேலை உடுத்து, விண்ணப்பப் பிரதியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு காலை எட்டரைக்குக் கதவைத் திறந்தால், வாசலில் யாக்கோப்பு அண்ணை. சாம்பல் நிறக் கோட்டும் கழுத்துப் பட்டியும் போட்டு, தலையைப் படிய வாரி நிற்கிறார்.

"கோட்டுக்குத் தனியப் போகக் கூடாது," என்றார். "நான் வாறன்."

"நீங்கள் விருப்பமில்லை எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"இப்பவும் விருப்பமில்லை. அது வேறை, இது வேறை. பஸ் வரப்போகுது, நட."

இங்கே வந்த புதிதில் அக்காவுக்கு அரசாங்கக் கட்டடம் என்றாலே பயம். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்கும் கேள்விக்கு என்ன பதில் சொன்னால் தங்களை இருக்கவிடுவார்கள் என்று யோசித்து யோசித்தே கழிந்த நாட்கள் அவை. அன்றைக்கும் அதே பயம் பஸ்ஸில் வரும்போது ஏறிக்கொண்டு வந்தது. ஆனால் உள்ளே தன் பெயரைக் கூப்பிட, மூன்று நீதவான்கள் முன்னால் போய் நின்றபோது, அவர்கள் கேட்டதெல்லாம் அவருக்குத் தெரிந்த விஷயமாகவே இருந்தது. என்ன மது, எத்தனை மணிமுதல் எத்தனை மணிவரை, யார் பொறுப்பு. நடுவில் இருந்தவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்த ஒரு பெண்மணி.

"இதில் உங்களுக்கு அனுபவம் உண்டா?"

"மூன்று கோடை, மேடம்."

"நீங்கள் குடிப்பதுண்டா?"

"இல்லை, மேடம்."

நீதவான் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார். "சரி. ஒருவர் அளவுக்கு மிஞ்சிக் குடித்துவிட்டு இன்னும் கேட்கிறார். என்ன செய்வீர்கள்?"

இந்தக் கேள்வியை அக்கா எதிர்பார்க்கவில்லை. கிளப்பில் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. அங்குள்ளவர்கள் ஆறு மணிக்கு மேல் விழித்திருப்பதே அபூர்வம். ஆனால் வாய் தானாகச் சொல்லிற்று.

"அதே நிறத்தில் இன்னொரு ஜக் வைத்திருப்பேன். அதில் மது இருக்காது. பழமும் புதினாவும் எல்லாம் இருக்கும். அவருக்கு அதிலிருந்து ஊற்றிக் கொடுப்பேன். சண்டை வராது."

மூன்று நீதவான்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த எழுதுவினைஞர் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்தார். "எத்தனையோ மதுக்கடைக்காரர்களிடம் கேட்டிருக்கிறேன், இவ்வளவு நல்ல பதில் கிடைத்ததில்லை," என்று அந்தப் பெண்மணி சொல்லி, அனுமதி கொடுத்துவிட்டார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் யாக்கோப்பு அண்ணை டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு கேட்டார்:

"நாயகி, அந்த மற்ற ஜக் உண்மையா இருக்கோ?"

அக்கா யன்னலுக்கு வெளியே பார்த்தார். "இல்லை பெரியத்தான். அந்த நேரம் வாயிலை வந்தது."

"அப்ப கோட்டிலை பொய் சொல்லியிருக்கிறாய்."

"செய்வன் எண்டுதானே சொன்னனான். செய்தனான் எண்டு சொல்லேல்லை."

அவர் அதை யோசித்துப் பார்த்தார். "சரி," என்றார். "அப்ப செய்யத்தான் வேணும். சந்தைக்கு எத்தினை நாள் கிடக்கு?"

அப்படித்தான் யாக்கோப்பு அண்ணை இதற்குள் வந்தார். அடுத்த மூன்று கிழமையும் அக்காவின் குசினி மேசையில் ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் டொரீனும் இருந்தார்கள். உண்மையான பிம்ஸின் ருசி தெரிந்தவர் டொரீன் ஒருவர்தான். குடிக்கக்கூடியது எது, கூடாதது எது என்று பார்ப்பவர் யாக்கோப்பு அண்ணை. நடுவில் நின்று கலக்குபவர் அக்கா. இரண்டு பேருக்கும் முதலில் ஒத்துப்போகவில்லை. டொரீன் அவரை டார்லிங் என்று கூப்பிட்ட முதல் நாள் யாக்கோப்பு அண்ணை கதவைப் பார்த்தார். யாராவது கேட்டுவிட்டார்களோ என்று.

முதலில் கோலாவில் செய்து பார்த்தார்கள். நிறம் சரி, ருசி பிள்ளைகளின் பிறந்தநாள் விழா போல என்றார் டொரீன். சீனியைக் கருக்கிச் சாயம் எடுத்துப் பார்த்தார்கள். அடுப்படி முழுக்கப் புகை. பிறகு டொரீன் தன் கைப்பையிலிருந்து ஒரு சின்னப் போத்தல் எடுத்தார். கைப்புச் சாறு, இரண்டு துளி விட்டால் பிம்ஸின் கைப்பு அப்படியே வந்துவிடும். யாக்கோப்பு அண்ணை போத்தலை வாங்கி, கண்ணாடியை மாட்டி, லேபிளின் பொடி எழுத்தை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார்.

"இதிலை குடி இருக்கு," என்று அக்காவிடம் சொன்னார். "எங்கடை ஊர்ச் சாராயத்தை விடக் கூட."

டொரீனுக்கே அது தெரியாது. முப்பது வருடமாக அதைத் தன் தோடம்பழச் சாற்றில் விட்டுக் குடித்து வந்தவர். "அதனால்தானா காலையில் எனக்கு அவ்வளவு உற்சாகம்," என்றார். அதைக் கேட்டு யாக்கோப்பு அண்ணை முதல்தடவையாகச் சிரித்தார்.

கடைசியில் வழி தேயிலையில்தான் கிடைத்தது. கடுஞ்சாயமாக வெறும் தேத்தண்ணி ஊற்றி, சூட்டோடு தோடம்பழத் தோலும் தட்டிய இஞ்சித் துண்டும் போட்டு, கொஞ்சம் சீனி சேர்த்து, மூடி ஆறவைத்தார் அக்கா. தேயிலையின் கயர்ப்பும் தோலின் கைப்பும் இஞ்சிக் காரமும் சேர்ந்து நின்றன. ஐஸும் பழமும் போட்டு லெமனேட்டை ஓரமாக இறக்கி, யன்னலில் பிடித்துப் பார்த்தார். டொரீன் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"அண்ணன் தம்பி என்று சொல்ல மாட்டேன்," என்றார். "ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லலாம்."

யாக்கோப்பு அண்ணை தன் கிளாசை முழுக்கக் குடித்துவிட்டு, அடியில் கிடந்த ஸ்ட்ரோபெரியையும் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டார்.

ஜூலை நடுப்பகுதி ஞாயிற்றுக்கிழமை சந்தை. முதல் நாள் வரைக்கும் மழை. அன்று காலை பூசை முடிந்து வெளியே வந்தால் வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. கோயில் வளவில் பழைய புத்தகக் கடை, பொம்மைக் கடை, கேக் மேசை எல்லாம் வரிசையாக நிற்க, நடுக் கூடாரத்தில் இரண்டு மேசை. ஒன்றில் அக்காவும் டொரீனும். மற்றதில் யாக்கோப்பு அண்ணை, அதே சாம்பல் நிறக் கோட்டோடு, தேத்தண்ணி ஜக்குகளுக்குப் பின்னால். யாரும் கேட்டு அவர் நிற்கவில்லை. தன் ஜக்குகளின் கைப்பிடியில் வெள்ளை நாடா கட்டியிருந்தார், மாறிவிடக் கூடாது என்று. நாங்கள் நாலைந்து பேர் பின்னால் நின்று வெள்ளரிக்காய் சீவினோம்.

யாரும் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. செபமாலைக் கூட்டத்தில் யாக்கோப்பு அண்ணை சொல்லியிருந்தார்: குடும்பத்தோடு வாருங்கோ, எல்லாருக்கும் குடிக்கக்கூடிய சாமான் இருக்கு, நானே தாறன். அவர் தருகிறார் என்றால் பயமில்லை என்று தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகுட்டியோடு வந்து குவிந்துவிட்டன. ஈஸ்ட் ஹாமிலிருந்து ரெயில் ஏறி வந்தவர்களும் இருந்தார்கள். வழக்கமாக அந்தச் சந்தையில் எங்கள் ஆட்கள் கேக் மேசையோடு நின்றுவிட்டு வீடு போய்விடுவார்கள். அன்றைக்குப் புல்லில் பாய் விரித்து இருந்துவிட்டார்கள். மூன்று மணிக்கு முன்னமே பெரியத்தானின் ஜக்குகள் காலி. மனுசன் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு பாதரின் குசினிக்கு ஓடினார். அந்தக் குசினியில் இருந்த சட்டி முட்டி எல்லாவற்றிலும் தேத்தண்ணி கொதித்தது. ஆற நேரமில்லை என்று சட்டிகளை ஐஸ் வாளிக்குள் இறக்கினார். வியர்த்து வழிய இரண்டு கையிலும் ஜக்கோடு அவர் வெளியே வந்தபோது வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

வெள்ளைக்காரர்களும் அவருடைய மேசைக்கு வரத் தொடங்கினார்கள். கார் ஓட்டப் போகிறவர்கள், மாத்திரை எடுப்பவர்கள், வயிற்றில் பிள்ளை உள்ளவர்கள். இதுவரை அவர்களுக்கு ஆரஞ்சுச் சாறு தவிர வேறொன்றும் கிடைத்ததில்லை.

நாலரை மணிபோல, அக்காவின் மேசையில் நான்கு கிளாஸ் முடித்திருந்த ஒரு ஐரிஷ்காரப் பெரியவர் ஐந்தாவதுக்கு வந்தார். தொப்பி சரிந்திருந்தது. அக்கா யாக்கோப்பு அண்ணையைப் பார்த்தார். அவர் வெள்ளை நாடா ஜக்கை நகர்த்தினார். அக்கா ஊற்றிக் கொடுத்தார். பெரியவர் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடி யோசித்தார்.

"இதில் ஒன்றும் இல்லையே, அம்மா," என்றார்.

அக்கா டொரீனைப் பார்த்தார். டொரீன் வாயைத் திறக்கப் போனார்.

"பரவாயில்லை," என்றார் பெரியவர். "என் மனைவி அங்கேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு இன்னும் ஒன்று ஊற்றுங்கள். அவளுக்கும் ஒன்று."

கூரை அந்த வருடம் மாரிக்கு முன்னம் திருத்தியாயிற்று. அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் கூடாரத்தில் இரண்டு மேசை போட்டார்கள். யாக்கோப்பு அண்ணை மற்றவர் குடிப்பதை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைக்கக் கூடாது. பிம்ஸ் மேசையைப் பார்த்து முகத்தைச் சுளிப்பதை அவர் விடவில்லை. ஆனால் டொரீன் தொண்ணூற்றுமூன்றில் ஓய்வு எடுத்து, கிளப் குழு அக்காவையே பாருக்குப் பொறுப்பாக நியமித்தபோது, செபமாலைக் கூட்டம் முடிந்ததும் எழுந்து நின்று அறிவித்தவர் அவர்தான். "எங்கடை நாயகிக்கு வேலை உயர்வு கிடைச்சிருக்கு," என்றார். என்ன வேலை என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு வசந்தத்தில் கிளப்பின் பெண்கள் அணிக்கு ஒரு ஆள் குறைந்தது. எட்டு வருடமாக யன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த மிஸஸ் பீற்றரை வந்து உருட்டிப் பார்க்கச் சொன்னார்கள். அக்கா உருட்டிய முதல் பந்து பக்கத்து வேலியில் போய் முட்டியது. மூன்றாவது பந்து சின்ன வெள்ளைப் பந்தின் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. அன்றே பெயர் எழுதிவிட்டார்கள்.

விளையாட வெள்ளை உடுப்புத்தான் போடவேண்டும் என்பது விதி. அக்கா அலுமாரியைத் திறந்து, கரையில்லாத வெள்ளைச் சேலை ஒன்றை எடுத்து உடுத்துப் பார்த்தார். பீற்றர் அண்ணை ஷிப்ட் முடிந்து வந்து கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இஞ்சாரும்," என்றார், "நான் இன்னும் இருக்கிறன்."

பிறகு அக்கா தானே மெசினில் தைத்து வெள்ளைப் பாவாடையும் சட்டையும் செய்தார். அந்த வருடம் அவருடைய அணி ஏழு ஆட்டத்தில் ஐந்து வென்றது. வீட்டுக்கு வந்த கிண்ணத்தை பீற்றர் அண்ணை தொலைக்காட்சிக்கு மேலே வைத்தார். அது சின்னக் கிண்ணம்தான். அவித்த முட்டை வைக்கிற கோப்பை அளவு இருக்கும். வருகிறவர்கள் எல்லோருக்கும் அவர் அதை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார், அக்கா குசினிக்குள் இருந்து "காணும், வையுங்கோ" என்று சொல்லும்வரை.